ஏழெழுத்துப் பேர்

"அக்கா, இந்தப் பேரைப் பிரிச்சு எடுத்துட்டு வேற பேர் தைங்க. சீக்கிரம்! அஞ்சேகாலுக்கு பஸ்!"

குட்டிப் பள்ளிப் பை ஒன்று தையல் மெஷின் மேல் வந்து விழுந்தது. அதன் வார் மட்டும் இன்னும் ஒரு மூன்று வயதுக் குழந்தையின் கையில் இருந்தது. மறு கையில் குச்சி மிட்டாய்.

பஸ் நிலையத்துக்கு எதிரே, பைகளிலும் சீருடைகளிலும் பேர் தைத்துத் தரும் கடை அது. தையல்காரி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு ஐம்பது.

பையில் மஞ்சள் நூலில் ஏழெழுத்துப் பேர். விரலால் தடவினாள். பையைத் திருப்பி உள்பக்க முடிச்சையும் பார்த்தாள்.

"நல்ல வேலைப்பாடு. எங்கே தைச்சது?"

"எங்க ஊர்ல. நான்தான் பக்கத்துலயே நின்னு தைக்க வச்சேன். ஏன் கேட்கறீங்க?"

"நூல் பொருந்தணும்ல, அதுக்குத்தான். குழந்தைக்கு நீங்க...?"

"அம்மா. பின்னே யாரு?" என்றாள் வந்தவள். "புது ஸ்கூல்ல டீச்சருக்கு இந்தப் பேர் வாயில நுழையலையாம். வேற பை வாங்கித் தர்றேன்னா இவ இதை விட மாட்டேங்கிறா. இந்தாங்க, இதைத் தைங்க."

நீட்டிய சீட்டைப் பார்த்ததும் தையல்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இதுவா? இந்த மாசத்துல இது பதினெட்டாவது, தங்கச்சி!"

"இருக்கட்டுமே. நல்ல பேர்தானே?"

"நல்ல பேர்தான். அதான் ஊரே வச்சிருக்கு. எதிர் ஸ்கூல்ல ஒரே வகுப்புல நாலு பேர். டீச்சர் என்ன பண்றாங்க தெரியுமா? குள்ளம், நெட்டை, வாயாடி, கண்ணாடின்னு கூப்பிடறாங்க. ஆசை ஆசையா பேர் வச்சு, கடைசியில பொண்ணு 'கண்ணாடி'!"

"அக்கா, கையும் ஓடட்டும்."

"ஓடுது ஓடுது." கத்தரி முனையால் முதல் எழுத்தில் ஒரே ஒரு இழையைத் தூக்கினாள் தையல்காரி. "எல்லாரும் போன்ல 'யாரும் வைக்காத பேர்'னு தேடறாங்க. போன் எல்லாருக்கும் ஒரே பட்டியலைக் காட்டுது. வர்ற பேரெல்லாம் தும்மல் மாதிரி இருக்கு. ஷ்ல ஆரம்பிச்சு ஷ்ல முடியுது."

வந்தவள் சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்தாள். பஸ் நிலையத்தில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"அதுவா பஸ்?"

"அது நகரப் பேருந்து. உங்க பஸ் ஒரு நாளும் நேரத்துக்கு எடுத்ததில்ல, கவலைப்படாதீங்க." சொல்லிவிட்டு, தையல்காரி ஆர்டர் நோட்டைப் புரட்டி ஒரு எண்ணைப் போட்டாள். "ஒரு நிமிஷம். ஆர்டரை வாங்காமலே ஒருத்தர் அலைய விடறாங்க... ஹலோ, அக்கா! பேர் தைக்கிற கடையிலிருந்து பேசறேன். உங்க பை இங்கதான் இருக்கு, எல்லாம் பத்திரமா என் கண் முன்னாலயே இருக்கு. அஞ்சு மணிக்குள்ள வாங்க. வரும்போது யூனிஃபார்ம்காரரையும் கையோட கூட்டிட்டு வாங்க, அளவு எடுக்கணும். ஆமா, இப்பவே."

"முதல்ல என் வேலையை முடிங்க!"

"முடிக்கத்தானே போறேன். இந்தத் துணியில ஊசித் துளை தெரியும், மெதுவாத்தான் பிரிக்கணும். அவசரப்பட்டா கிழிஞ்சிடும்." தையல்காரி குனிந்து, சீட்டிலிருந்த புதுப் பேரைச் சொல்லிக் குழந்தையைக் கூப்பிட்டாள். குழந்தை மிட்டாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"திரும்பலையே?"

"நேத்துதானே மாத்தினோம். போகப் போகப் பழகிடும்."

"அவளுக்குப் பழகும். ஆனா கூட்டத்துல தொலைஞ்சா? இந்தப் பேரைக் கத்தினா பாதித் திருவிழாவே திரும்பும், தங்கச்சி. ஏழெழுத்துப் பேர்னா அப்படியா? வாய் வலிச்சாலும், ஒரே ஒருத்திதான் திரும்புவா."

"எனக்கு உங்க கருத்து வேண்டாம்!" வந்தவளின் குரல் கடை தாண்டிக் கேட்டது. "இருபது நிமிஷமா பேசிப் பேசியே ஒரு எழுத்துகூடப் பிரிக்கலை நீங்க. பையைக் கொடுங்க, நானே பார்த்துக்கறேன்!"

பையை இழுத்தாள். தையல்காரி விடவில்லை. மெஷின் ஊசியைச் சட்டென்று இறக்கினாள். பையின் ஓரம் மெஷினோடு மாட்டிக்கொண்டது.

"அடடா, சிக்கிடுச்சே! இருங்க, எடுத்துத் தர்றேன்."

"பையே வேண்டாம்! நீ வாடி!" குழந்தையின் கையை வெடுக்கென்று பிடித்தாள். குழந்தை வாரை விடாமல் வீறிட்டது.

அதே நொடி வெளியே ஓர் ஆட்டோ கிறீச்சிட்டு நின்றது. அதிலிருந்து தலைவிரிகோலமாக ஒருத்தி குதித்தாள். பின்னாலேயே காக்கிச் சட்டை போலீஸ்காரர்.

அவள் அந்த ஏழெழுத்துப் பேரை உரக்கக் கூப்பிட்டாள்.

பஸ் நிலையம் முழுக்கக் கூட்டம். ஒரே ஒரு தலைதான் திரும்பியது. கையிலிருந்த மிட்டாய் கீழே விழ, "அம்மா!" என்று ஓடியது குழந்தை.

பின்வாசல் பக்கம் பாய்ந்தவளை இரண்டே எட்டில் மடக்கினார் போலீஸ்காரர். "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று தையல்காரியைக் கேட்டார்.

தையல்காரி ஊசியைத் தூக்கிப் பையை விடுவித்து, பிடிபட்டவள் முன்னால் நீட்டினாள்.

"இந்தப் பேரைத் தைச்சதே நான்தான், தங்கச்சி. அன்னிக்குப் பக்கத்துல நின்னது நீ இல்ல."