மருமகளுக்குக் கொடுத்த தேன்

"இந்தத் தேனுக்குள்ள என்னத்தக் கலந்தீங்க காக்கா?"

மைமூனா போத்தலை மேசையில் வைத்த வேகத்தில் தராசுத் தட்டு ஆடியது. கல்முனைச் சந்தையில் காலை நேரம். கடை நிறைய ஆட்கள். கடைக்காரர் அப்துல் ஹமீட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை அவருடைய மகன் மாப்பிள்ளையாகப் போகும் வீடே மைமூனாவின் வீடுதான். அந்த மரியாதைகூட இல்லாமல் இப்படிச் சந்தி சிரிக்க வைக்கிறாளே.

"என்ன நடந்த எண்டு சொல்லு தங்கச்சி."

"மகள் ஜெமீலாட முகத்த வந்து பாருங்க. நேத்து இந்தத் தேனையும் மஞ்சளையும் பூசின. விடியக்க கண் திறக்க ஏலாம வீங்கிக் கிடக்காள். முகம் பூராத் தடிப்பு. இந்தக் கோலத்தில பொண்ண எப்படிக் கலியாணக் கதிரையில இருத்துற? கலப்படம் செய்யிற ஆக்கள்ற சம்பந்தமே எங்களுக்கு வேணாம்."

ஹமீட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேன் எடுப்பவனைக் காட்டோரம் வரை தேடிப்போய், அடையைக் கண்முன்னே பிழிய வைத்து, பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்த போத்தல் அது. அதைப்போய்க் கலப்படம் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"அல்லாஹ் மேல ஆணையாச் சொல்லுறன், இதில ஒரு சொட்டும் கலப்படம் இல்ல" என்றவர், ஒரு திரியை அந்தத் தேனில் நனைத்துக் கொளுத்தினார். கலப்படத் தேன்போலப் படபடவென்று வெடிக்காமல் திரி நின்று எரிந்தது.

கயிறு வாங்க வந்த நாட்டுப் பரியாரி வல்லிபுரம் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"அசல் தேன்தான் புள்ள. சில பேருக்குத் தேனே ஒத்துவராது. பட்டா தோல் தடிச்சிப் போகும். மருந்து தாறன், வெள்ளிக்கு முதல் வத்திரும்."

"கேட்டியா? உன்ட மகள்ற தோலில குறைய வெச்சிட்டு என்னக் கள்ளனாக்க வந்திட்டாய்" என்றார் ஹமீட், கடையெல்லாம் கேட்க.

மைமூனா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"அப்ப ஒண்டு கேக்கன் காக்கா. அவள் பெரிய புள்ளையான நாளையில இருந்து உங்கட கடைத் தேனத்தானே பூசுறாள். ஒரு நாளும் ஒண்டும் செய்யல்லியே?"

கடையில் நின்ற எல்லோரும் இறாக்கையில் அடுக்கியிருந்த தேன் போத்தல்களைப் பார்த்தார்கள்.

மருமகளாக வரப்போகிறவளாயிற்றே என்று, இந்த ஒரு போத்தலில் மட்டும்தான் ஹமீட் சீனிப்பாணி கலக்காமல் விட்டிருந்தார்.