ஓவெல்ற்றி

இப்படியொரு பிழைக்கத் தெரியாத மனிசனைச் சட்டத்தரணி சவுந்தரநாயகம் தன் தொழிலில் கண்டதேயில்லை. கொட்டாஞ்சேனையில் ரோட்டுப் பக்கம் பார்த்த முன்வீட்டை அப்படியே தங்கச்சிக்கு விட்டுவிட்டு, குசினியும் பின்வளவும் தனக்குப் போதும் என்கிறான் பிறெடி. தாய் வைத்துவிட்டுப் போனதோ இரண்டு பேருக்கும் சரிபாதி.

தங்கச்சி றோஸி, நடுவில் ஒரு கதிரையை வெறுமையாக விட்டு அந்தப் பக்கம் இருந்தாள். பரவாயில்லை அண்ணா, பாதி பாதியாகவே எடுப்போம் என்று ஒரு வார்த்தை, ம்ஹூம், வாயைத் திறக்கவில்லை.

வெள்ளவத்தையிலுள்ள அவருடைய கந்தோருக்குக் காணி பிரிக்க வருகிறவர்கள் கீழ்வீட்டுக்குக் கேட்கும்படி சண்டை பிடிப்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துக் காத்திருப்பவர்கள் போல இருந்தார்கள். தேத்தண்ணீர் ஆடை படிந்து அப்படியே கிடந்தது.

சவுந்தரநாயகம் சர்வேயரின் வரைபடத்தை விரித்தார். பின்வளவில் தார்ப்பாயால் மூடிய ஓட்டோ ஒன்று நிற்கிறதாம். அளப்பதற்கு அதைக் கொஞ்சம் தள்ளச் சொன்னதற்கு அண்ணனும் கை வைக்கவில்லை, தங்கச்சியும் கிட்டப் போகவில்லை என்று சர்வேயர் குறைப்பட்டிருந்தார்.

அந்த ஓட்டோ யாருடைய பங்கில் சேருகிறது என்று சவுந்தரநாயகம் கேட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். முந்தி ஓட்டோவில் ஹயர் ஓடிய பிறெடி இப்போது துறைமுகத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறான் என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

சரி, கிடக்கட்டும் என்று அவர் தனக்குப் பிடித்த விஷயத்துக்கு வந்தார். ஓவெல்ற்றி. சமம் என்பதற்கு இங்கிலீஷில் ஆளுக்கொரு சொல் தெரியும்; காணிச் சட்டத்தில் ஒளிந்திருக்கிற இந்தச் சொல் படித்தவர்களில்கூட அநேகம் பேருக்குத் தெரியாது. அதைச் சொல்லும்போது அவருக்கு அதில் ஒரு தனி ருசி.

ஒரு காணியைச் சரிபாதியாக வெட்ட முடியாவிட்டால், கூடின பங்கை எடுத்தவர் குறைந்த பங்கை எடுத்தவருக்குக் காசு கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். அந்தக் காசுதான் ஓவெல்ற்றி. முன்வீட்டை எடுக்கிறவள் றோஸி, ஆகவே பிறெடிக்குக் கொடுக்க வேண்டியவளும் அவள்தான் என்று விளங்கப்படுத்தினார்.

"அந்தக் காசு எனக்கு வேணாம், சேர்," என்றான் பிறெடி, நிலத்தைப் பார்த்தபடி.

சவுந்தரநாயகத்துக்கு ஆத்திரமே வந்துவிட்டது. உனக்கும் பெண்சாதி, பிள்ளைகள் இருக்கிறார்கள், நாளைக்கு அவர்கள் உன்னைத்தான் ஏசுவார்கள் என்று புத்தி சொல்லிப் பார்த்தார். அவன் பேனையை எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் கையெழுத்து என்று மட்டும் கேட்டான்.

றோஸியைப் பார்க்க இன்னும் எரிச்சலாக இருந்தது. கூடப்பிறந்தவன் வாரிக் கொடுக்கிறான், இவளானால் அவன் முகத்தைக்கூடப் பார்க்கிறாளில்லை. இப்படியும் ஒரு பேராசையா?

"தங்கச்சியில உமக்குச் சரியான பாசம், பிறெடி," என்றார், அவளுக்குக் குத்தட்டும் என்றே.

அப்போதுதான் றோஸி நிமிர்ந்தாள். கண் காய்ந்திருந்தது. பஸ்ஸில் டிக்கட் கேட்கிற குரலில் பேசினாள்.

"என்ர மகள் ரொஷேல் செத்தது அந்த ஓட்டோவிலதான், சேர். ஓட்டினது அண்ணன்."

பிறெடியின் கையில் பேனை அப்படியே நின்றது. சவுந்தரநாயகம் வரைபடத்தை மடிக்கப் பார்த்தார், மடிபடவில்லை. இவ்வளவு நேரமும் தான் பேசியதையெல்லாம் நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

றோஸி வெறுமையாக இருந்த கதிரையில் தன் கைப்பையை வைத்தாள். முதன்முறையாக அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் குடுக்க வேண்டிய ஓவெல்ற்றிய முழுசா எழுதுங்கோ. நான் என்ர பிள்ளைய விக்க வரேல்ல."