நிறைந்த தொட்டி

எங்கள் தங்கப் பட்டறையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே போகக் கூடாது. கை கழுவியது, தரை துடைத்தது, ஆசிட் பாத்திரம் அலசியது எல்லாம் மூலையிலுள்ள தொட்டியில்தான் விழ வேண்டும். அங்கிருந்து கரி அடைத்த குழாய்க்குள் மெல்ல இறங்கும். தண்ணீரில் கரைந்துபோன தங்கத்தைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். அன்று தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. தங்கம் கரைந்த ஆசிட் ஜாடி கவிழ்ந்து, எங்களோடு வேலை செய்யும் மரியசெல்வத்தின் வலது கையெல்லாம் கொட்டியது. அலறிக்கொண்டே ஓடிவந்து தொட்டிக்கு மேலிருந்த தண்ணீர்க் குழாயடியில் கையை நீட்டினான். தொட்டிக்குள் முக்க முடியாது, அதுவே பாதி ஆசிட். குழாயின் திருகை மேஸ்திரி குணாளன் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தொறந்து விடுங்ணா, எரியுது!"

"தொட்டி வழிஞ்சிரும்டா. கொஞ்சம் பொறு, கரி இழுக்கட்டும்."

கரிக்குழாயின் நுனியில் ஒரு சொட்டு திரண்டது. விழவில்லை. மெருகு போடும் சாந்தகுமாரி பாய்ந்து வந்து மேஸ்திரியைத் தள்ளிவிட்டுத் திருகைத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது. தொட்டி வழிந்தது. மஞ்சள் தண்ணீர் தரையில் பரவி, தொட்டியடியில் இருந்த பழைய சாக்கடைத் துளையை நோக்கி ஓடியது. அவன் கையைப் பார்க்காமல் நாங்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்தோம். துளைக்குள் அது போகவில்லை. கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டு, தோல் உரியும் கையைத் தண்ணீரில் நீட்டியபடியே, மரியசெல்வம் தன் வெறுங்குதிகாலால் அந்தத் துளையை அழுத்தி அடைத்துக்கொண்டு நின்றான்.