எல்லம்மா காணாத முகம்

சின்னப்பன் கண்ணைவிடக் கையையே நம்புபவர். பழவேற்காடு ஏரிச் சேற்றில் தடவித் தடவியே இறால் பிடித்துப் பழகிய கை அது.

துபாயில் கட்டடச் சாரம் சரிந்து, அவருடைய மகன் பிரசாந்தும் உடன் வேலை செய்த வடநாட்டு இளைஞனும் ஒன்றாக மாண்டனர். பொன்னேரிக்கும் சென்னைக்கும் அலைந்து, காட்டிய இடங்களிலெல்லாம் கைநாட்டு வைத்து, மகனின் சவப்பெட்டியை ஊருக்குக் கொண்டுவந்தார்.

"மூஞ்சியையாவது காட்டுய்யா!" என்று அவர் மனைவி எல்லம்மா பெட்டியின்மேல் விழுந்தாள்.

"வோணாம்மே. செதஞ்சு கெடக்குதாம்."

"ஏர்போர்ட்ல நீ மட்டும் பாத்தியே?"

"மூஞ்சியப் பாக்கலமே. கையத்தான் தொட்டேன்."

"நம்ம புள்ள கைதானே?"

"ஆமாம்மே."

"கல்லு நெஞ்சு மாமா உனுக்கு" என்று மைத்துனன் ஏசினான். பெட்டியைத் திறவாமலே புதைத்தார்கள்.

பிரசாந்தின் கட்டைவிரலில் நண்டு கவ்விய தழும்பு ஒன்று ஆழமாக உண்டு. பெட்டிக்குள் இருந்த கையில் அது இல்லை. அந்த இளைஞனின் பெயரில் வடநாட்டுக்கு முன்னமே போன பெட்டியை அங்கே எரித்தும் முடித்துவிட்டார்கள் என்று விமான நிலையத்திலேயே விசாரித்தறிந்திருந்தார்.

எல்லம்மா அழுவதற்கு ஒரு மண்மேடாவது இருக்கட்டும் என்று, சின்னப்பன் அதைச் சொல்லாமலே இருந்துவிடுவதென முடிவு செய்தார்.