ஜித்தாவுக்காகக் கூட்டிய வயது

"நூத்துக்கு முப்பத்தெட்டு" என்று சித்தார்த்தன் சொன்னதும், அது நல்லதா கெட்டதா என்று அமீனா பீ கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

மந்தைவெளியில் அந்த ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவில், இந்த எண்ணைச் சொல்கிற பாவம் எப்போதும் சின்ன டாக்டரான அவன் தலையில்தான் விழும். பெரிய டாக்டர்கள் ரவுண்ட்ஸ் முடித்துக் கிளம்பிவிடுவார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமீனா பீயின் கணவர் ஹபீபுர் ரஹ்மான் படுத்திருந்தார். தி. நகரில் சோபாவுக்கு உறை தைக்கிறவர். இரண்டாவது அட்டாக். வீடு திரும்பாமல் இங்கேயே உயிர் போய்விட எவ்வளவு வாய்ப்பு என்று கம்ப்யூட்டர் போட்ட கணக்குதான் அந்த முப்பத்தெட்டு.

"இன்னாத்த வெச்சி சார் சொல்லுது இது?"

வயது, பிரஷர், நாடித்துடிப்பு, கிட்னி ரிப்போர்ட் என்று திரையில் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக் காட்டினான்.

அமீனா பீ நாற்காலியை விட்டு எழுந்து, திரைக்குக் கிட்டே வந்தார்.

"அந்த எழுவத்திநாலு தப்பு சார். ஜித்தா போறதுக்கு வயசு பத்தலைன்னு அப்போ ஏஜெண்டு பாஸ்போர்ட்ல ஆறு வயசு கூட்டிப் போட்டுட்டான். ஆதார்லயும் அதே வந்துடிச்சி."

சித்தார்த்தனுக்கு அப்பாடா என்று இருந்தது. வளைகுடா போய் வந்தவர்கள் எத்தனையோ பேரிடம் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறான். எந்தக் காலத்திலோ எவனோ செய்த தில்லுமுல்லுக்கு இந்த அம்மா இவ்வளவு நேரம் நடுங்கியிருக்க வேண்டாமே. வயதுக் கட்டத்தில் அறுபத்தெட்டு என்று போட்டான்.

முப்பத்தொன்று.

அமீனா பீ மறுபடி உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

கேஸ் ஷீட்டிலும் வயதைத் திருத்த வேண்டும். பேனாவை எடுத்து, அங்கிருந்த எழுபத்திநாலை அடிக்கப் போனான்.

"இன்னும் ஒரு நாலு வயசு கொறைச்சா எவ்ளோ சார் காட்டும்?"

பேனா நின்றது.

நிமிர்ந்து பார்த்தான். அமீனா பீ அவனைப் பார்க்கவே இல்லை. அவருடைய கண் அந்த எண்ணை விட்டு அகலவில்லை. பிரஷரில் அவர் கை வைக்க முடியாது, கிட்னியில் கை வைக்க முடியாது. அவர் கைக்கு எட்டியது வயது ஒன்றுதான்.

சித்தார்த்தன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கேஸ் ஷீட்டில் எழுபத்திநாலு அப்படியே இருந்தது.

திரையில் நாலு வயதைக் குறைத்தான். இருபத்தாறு வந்தது.

அவர் கேட்காமலேயே இன்னும் இரண்டைக் குறைத்தான்.