பொய்க்கதவு

அறையின் இடப்பக்கம் கதவிருந்தால் வலப்பக்கமும் ஒன்று இருந்தாக வேண்டும். பவேரிய மாளிகைகளில் அதுதான் அழகு. அதனால் வலச்சுவரில் சுதையால் ஒரு பொய்க்கதவு செய்து, ஈஸ்டருக்கு முன் அதன் கைப்பிடிக்குத் தங்க ரேக்கும் ஒட்டினேன். பின்னால் வெறும் கருங்கல்.

பணிப்பெண் வால்புர்கா வந்தாள்.

“மேஸ்திரி, இந்தக் கதவு கிறீச்சுங்குது. கீலுக்கு எண்ணெய் விடுங்க.”

“அதுக்குக் கீலே கிடையாதும்மா. பீர் ஜாஸ்தியாயிடுச்சா?”

“விளையாடாதீங்க. சீமாட்டியம்மா தினமும் காலையில காப்பியோட இதுக்குள்ளதான் போறாங்க. மத்தியானம் வந்துடுவாங்க. இன்னைக்குக் குழந்தையையும் தூக்கிட்டுப் போனாங்க. மணி அஞ்சாச்சு, இன்னும் காணோம்.”

கைப்பிடியைப் பார்த்தேன். உள்ளங்கை படும் இடத்தில் மட்டும் தங்கம் தேய்ந்திருந்தது. கதவின் விளிம்பைத் தடவினேன். நகம் நுழையக்கூட இடைவெளியில்லை.

“கீல் எந்தப் பக்கம்னு காட்டு” என்றேன்.