பழைய எழுத்து மனுக்கள்

எந்த எழுத்து முறை என்று கேட்டு, திரை இரண்டே பெயர்களைக் காட்டியது. கீழே சின்னதாக ஒரு எச்சரிக்கை: பிறகு மாற்ற முடியாது.

காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்தில் நான்தான் கணினிக்காரி. பழைய கணினியில் கிடக்கும் மனுக்களைப் புதிய காப்பு மென்பொருளில் ஏற்றிவிட்டு, மதியத்துக்குள் பழையதைத் துடைத்துவிட வேண்டும்.

முதல் முறை கறார். கோப்பின் பெயரில் தனக்குத் தெரியாத எழுத்து ஒன்று இருந்தாலும் சத்தமில்லாமல் விட்டுவிடும். இரண்டாவது, எது வந்தாலும் அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும்.

பழைய எழுத்துருவில் பெயர் அடித்த மனுக்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. புதிய திரையில் அவை வெறும் கோழிக்கிறுக்கல்; முதல் முறையில் போட்டால் ஒன்றுகூட ஏறாது.

அதில் ஒன்றே ஒன்று ஒழிந்தால் போதும் எனக்கு.

அதை மட்டும் அழிக்கவும் வழியில்லை. அழித்தவர் யாரென்று பதிவாகிவிடும். நாலு வருடமாக யாரும் திறக்காத கோப்புகளை, ஏற்றி முடித்ததும் நாளையிலிருந்து ஒவ்வொன்றாகத் திறக்கப் போகிறார்கள்.

பின்னால் நின்ற கண்காணிப்பாளருக்குப் பொறுமை இல்லை.

“அந்தக் குப்பையெல்லாம் எதுக்கும்மா? மொதல்ல இருக்கிறதையே போடு, சுத்தமா இருக்கும்.”

அவரே சொல்லிவிட்டார். பழி என் தலையில் விழாது. சுட்டியை முதல் பெயரின் மேல் கொண்டுபோய் வைத்தேன்.

கதவுக்கு வெளியே பெஞ்சில் தச்சர் உட்கார்ந்திருந்தார். செவ்வாய்தோறும் வருவார். மகளைப் பற்றிக் கேட்பார். தகவல் இல்லை என்றால் தலையாட்டிவிட்டு, ஆடுகிற நாற்காலி எதையாவது சரிபண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். அவருடைய மனுவும் அந்தக் கிறுக்கலில்தான் இருந்தது. வேறு பிரதி கிடையாது.

இந்த மனுஷன் இன்றைக்குப் பார்த்தா வந்து தொலைக்க வேண்டும் என்று எரிச்சலாக வந்தது.

இரண்டாவதை அழுத்தினேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டும் ஏறின. கண்காணிப்பாளர் உதட்டைப் பிதுக்கினார். தினமும் இருபது மனு வீதம் வரிசையாகத் திறந்து, படங்களைச் சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

நூற்று நாற்பதாவது வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

அதில் இருக்கும் பெயரைச் சொல்லி இங்கே யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. படம் கல்யாணத்தன்று எடுத்தது. மனு கொடுத்தவர் என் கணவர்.

அங்க அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு என்று எழுதியிருக்கிறார். அது எப்படி வந்தது என்று எழுதவில்லை.